கியர் பாக்ஸுக்குக் காய்ச்சல் பார்த்த கதை

பிள்ளைகளா, "அப்பா வண்டி ஓட்டும்போது போனையே பார்க்கிறார்" என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்தது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி நினைக்கிற மாதிரி அதில் வாட்ஸ்அப் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிற அந்தப் பழைய போனில் ஒரே ஒரு எண்தான் ஓடும். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. பாப்பா, அதைப் போனில் ஏற்றிக் கொடுத்ததே நீதான், அதனால் உனக்குப் பாதி தெரியும். தம்பிக்கு ஒன்றுமே தெரியாது. மீதிப் பாதியை இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள்.

நான் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். ஒருநாள் கேபினில் இருந்து இறங்கும்போது படி வழுக்கி இடது முட்டி திருகிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது டாக்டர், "நடக்கலாம், படி ஏறலாம். கிளட்ச் மட்டும் மிதிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிப்பீங்க?" என்று கேட்டார்.

"எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டுறேன்னு கேக்குற மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் ஆட்டோமேட்டிக் கார் என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைத்தது. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும். திருச்சியில் ஒருவர் ஓட்டிக் கழித்த ஏழு பேர் உட்காரும் வண்டியைத் தேடிப் பிடித்து, பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் சுற்றி நின்று, ஏதோ பொருட்காட்சிக்கு வந்த மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மாமா, ஒரு கால் சும்மா கெடக்குமே. அதை வாடகைக்கு விடுவியா?"

"அதுபாட்டுக்கு கியர் மாத்திக்கும்னா, அதுபாட்டுக்கு சவாரியும் போயிட்டு வந்துடும்ல? நீ வூட்லயே படுத்துக்க."

பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டி நல்ல வண்டி. பத்து மாதத்துக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. போன பொங்கல் கழிந்த பிறகுதான் படுத்தத் தொடங்கியது.

முதல் தடவை, ஒரு குடும்பத்தைக் கல்லங்குறிச்சி பெருமாளுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பி வரும்போது. டேஷ்போர்டில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி போட்டு, மஞ்சளாக எரிந்தது. ஆச்சரியம் எனக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் வண்டி கியரே மாற்றாமல் ஒரே கியரில் கத்திக்கொண்டு வந்தது. பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே பெரம்பலூர் வந்து சேர்ந்தோம்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "கியர் பாக்ஸ் ஆயில் கொதிச்சிருக்குண்ணே."

"சூட்டு முள்ளு நடுவுலதானே நின்னுச்சு?"

"அது இன்ஜினுக்கு. கியர் பாக்ஸுக்கு முள்ளே கெடையாது. அதுபாட்டுக்கு உள்ள வெந்துகிட்டு கெடக்கும். தாங்க முடியாம போனா லைட்டு போடும்."

"லைட்டு போட்டா?"

"லைட்டு போட்டா நீங்க எங்கிட்ட வருவீங்க."

ஆயிலை மாற்றினார். பழைய ஆயில் கருகிப்போய், கடலை வறுக்கிற வறையோடு மாதிரி நாறியது. "இன்னொரு தடவை இப்படிக் கொதிச்சா பாக்ஸைக் கழட்டணும்ணே. அந்தச் செலவுக்கு வண்டியவே குடுத்துடலாம்" என்றார்.

இந்தப் பேச்சு எப்படியோ உங்கள் மாமா காதுக்குப் போய்விட்டது. அரியலூர் சிமெண்ட் ஃபாக்டரி ஒன்றில் கேட் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அடுத்த நாளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், கேட்டத் தொறக்க கிளட்ச்சும் வேணாம், கியரும் வேணாம். நெழல்ல உக்காந்திருக்கலாம். வண்டியக் குடுத்துடுங்க, நானே ஆள் பாத்துத் தரேன்."

அம்மாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. "எங்கயாவது நடுரோட்டுல நின்னுட்டா இந்தக் காலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாள். கோபமாகச் சொன்னால் பதில் சொல்லலாம். அக்கறையாகச் சொன்னால் என்ன சொல்வது?

பிள்ளைகளா, உட்கார்ந்திருக்கிற வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேட் வழியாக உள்ளே போகிற லாரிகளில் பாதி நான் ஓட்டிய லாரிகள். ஹாரனை வைத்தே எது என்று சொல்லிவிடுவேன். அதுக்கெல்லாம் நான் எழுந்து நின்று கேட் திறந்துவிடுவதா? எனக்குத் தெரிந்த வேலை ஓட்டுவது ஒன்றுதான். இந்த வண்டி போனால், இந்தக் காலோடு நான் ஓட்டுகிற கடைசி வண்டி இதுதான். அதனால் வண்டிக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் காய்ச்சல்.

மெக்கானிக்கிடம் லைட்டை அணைக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, என் முட்டிக்கு மேலே, சார்ஜர் சொருகுகிற மாதிரி அகலமாக ஒரு ஓட்டை. அதில் ஒரு வயரைச் சொருகி, கையில் இருந்த கருவியில் ஏதோ தட்டினார். லைட் அணைந்தது. கருவியில் ஏகப்பட்ட எண்கள் ஓடின.

"இது என்னய்யா?"

"கியர் பாக்ஸ் சூடுண்ணே. வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதுக்கு எல்லாம் தெரியும். கேட்டாத்தான் சொல்லும்."

இத்தனை நாளாக என் முட்டியை இடித்துக்கொண்டே இருந்த அந்த ஓட்டையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது, அதைச் சொருகினால் ப்ளூடூத்தில் போனுக்கே எண் வந்துவிடும் என்றார். பாப்பா, அன்றைக்கே நீ ஆர்டர் போட்டாய்.

வந்ததும் நீ காலேஜ் பையைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் இன்ஜின் சூடு மட்டும்தான் வந்தது. கியர் பாக்ஸ் சூட்டுக்கு வண்டிக்கு வண்டி வேறு வேறு குறியீடு உண்டு, அதை நாமாகத்தான் தேடிப் போட வேண்டும் என்றாய். ஒன்றைப் போட்டாய். மைனஸ் நாற்பது என்று காட்டியது. பெரம்பலூர் வெயிலில் என் கியர் பாக்ஸ் பனிக்கட்டி மேல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, இந்தக் குறியீடு தப்பு."

"இருக்கட்டும் பாப்பா, பாக்கவே குளுகுளுன்னு இருக்கு."

நீ முறைத்தாய். நாலைந்து குறியீடு மாற்றிய பிறகு எழுபத்தொன்று என்று வந்தது. தெருவை ஒரு சுற்று சுற்றினோம். எழுபத்தெட்டு. நானும் நீயும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். தொண்ணூறைச் சுற்றி இருந்தால் நல்லது, நூற்றைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், நூற்றிருபது தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று மெக்கானிக் சொன்ன கணக்கை நீதான் போனுக்கு மேலே சீட்டில் எழுதி ஒட்டினாய்.

அன்றிலிருந்து சவாரிக்கு வருகிறவர்களிடம் நான் பட்ட பாடு தனிக் கதை. கீழப்பழுவூரில் ஒரு பெரியவரை ஏற்றினேன். அரியலூர் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தார். எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஏம்ப்பா, வாடகை பேசித்தானே ஏறினேன்? இது என்ன மீட்டரு?"

"ஐயா, இது மீட்டர் இல்லீங்க. கியர் பாக்ஸ் சூடு."

நம்பவில்லை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது தொண்ணூற்று ஏழு ஆனது. அவர் சீட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார். லாரிகளைத் தாண்டி ரோடு காலியானதும் எண் மளமளவென்று இறங்கியது. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கொறையுதே! அப்படியே மெதுவாப் போப்பா, நாம சேர்றதுக்குள்ள நீ எனக்குத் தர வேண்டி வரும்."

எண் தெரிந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. சில நாள் முழுக்கத் தொண்ணூறைத் தாண்டாது. சில நாள் காரணமே இல்லாமல் நூற்றெட்டு, நூற்றுப் பத்து என்று ஏறும். லாரிக்குப் பின்னால் ஊர்வதால் என்று நினைத்தேன். ஆனால் லாரியே இல்லாத கிராமத்து ரோட்டில்தான் அதிகம் ஏறியது. ஆள் கனம் என்று நினைத்தேன். தனியாக வரும்போதும் ஏறியது. வண்டிக்குச் செவ்வாய்க்கிழமை ஆகவில்லையோ என்றுகூட நினைத்து, எலுமிச்சம்பழம் மாற்றிக் கட்டினேன். ஸ்டாண்டில் ஒருவன், "வண்டிக்கு வயசு ஆகுது மாமா, உனக்கு ஆகல?" என்றான். நாள் ஆக ஆக, நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. உங்கள் மாமா வண்டியை வாங்க அரியலூரில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பதாகப் பேச்சு.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, லப்பைக்குடிக்காட்டில் இருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி. காலில் கட்டுப் பிரித்த பிறகு என்னை முதன்முதலில் நம்பி ஏறிய வீடு அது. அந்த வீட்டுப் பெரியம்மா, "கிளட்ச்சு இல்லாட்டி என்ன தம்பி, அல்லா மேல ஈமான் இருந்தா போதும்" என்று சொல்லி ஏறியவர். அவருடைய மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், லீவு முடிந்து சாயங்கால விமானத்தில் திரும்புகிறார். அவரை வழியனுப்ப பெரியம்மாவும் வருகிறார். இந்தச் சவாரியை மட்டும் வேறு வண்டிக்கு மாற்றிவிடலாமா என்று காலையில் இருந்தே யோசித்தேன். எண் எண்பத்தாறில் சாதுவாக நின்றது. சரி, இது கடைசிச் சவாரியாக இருந்தால் இந்த வீட்டுச் சவாரியாகவே இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மதியச் சாப்பாடு முடித்து, பெட்டிகளை மேலே கட்டி, பெரியம்மா பிஸ்மில்லா சொல்லி ஏறினார். ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் ரோட்டில் பாதிக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. தை, மாசியில் நம் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் இதுதானே. கொள்ளு, உளுந்து எது அறுத்தாலும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி, காய்ந்த நெற்று வெடித்து மணி உதிர்ந்துவிடும். கார்க்காரர்கள் பலர் அதைக் கண்டால் முகத்தைச் சுளித்து ஓரமாக நழுவிவிடுவார்கள். நான் நழுவ மாட்டேன். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அடுத்தவர் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டு, வருகிற வண்டியையெல்லாம் கை காட்டிக் கூப்பிட்டவர்கள். அதனால் யார் கூப்பிட்டாலும், முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் போவேன். அந்தத் தை மாதம் முழுக்க அப்படித்தான்.

தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா முள்கம்போடு ஓடி வந்தார். "அண்ணே, கனமான வண்டி! செத்த ஏத்தி எறக்கிட்டுப் போங்கண்ணே."

முன்னால் போனேன், ரிவர்ஸ் எடுத்தேன், மறுபடி முன்னால் போனேன். டயருக்கு அடியில் நெற்றுகள் பட்டாசு மாதிரி வெடித்தன. அந்த அம்மாவோடு இருந்த இன்னொருத்தி, "அந்த ஓரம் வெடிக்கல, இன்னொரு தரம்!" என்று கத்தினாள்.

பின்சீட்டில் இருந்து மகன், "அண்ணே, பிளைட்டுண்ணே!" என்றார்.

"ஓட்டட்டும் அத்தா" என்றார் பெரியம்மா. மகனை அவர் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். "உனக்குப் பிளைட்டு நாளைக்கும் பறக்கும். அதுங்களுக்கு வெயில் எறங்கிடும்ல."

"நாளைக்குப் பறந்தா என் வேலையும் சேந்து பறந்துடும்மா."

இன்னொரு தரம் ஏற்றி இறக்கிவிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்துக்குள் எண் நூற்று மூன்று. அப்புறம் நூற்றேழு. ஏசியில் இருந்து குளிர் போய் வெறும் காற்று வந்தது. அது கொஞ்ச நாளாகவே அப்படித்தான், வெயில் அதிகம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. ஸ்டியரிங்கில் கை வியர்த்து வழுக்கியது. நாளை வருகிற ஆளுக்கு இன்றைக்கே வண்டியைக் கட்டி இழுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெரியம்மா மூக்கை உறிஞ்சினார். "தம்பி, வண்டிக்குள்ள கொள்ளு ஏதும் வறுக்கிறியா?"

"இல்லீங்களே பெரியம்மா."

"எனக்குத் தெரியாதா? எங்க மாமனாரு ஜட்கா வண்டி வச்சிருந்தாரு. குதிரைக்குத் தினம் கொள்ளு அவிச்ச கையி இது. கொள்ளு வாசம்தான் வருது."

ரோட்டில் மிதித்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். எண் நூற்றுப் பதினைந்து. ஒரு வேப்பமரத்தடியில் ஓரம் கட்டினேன். உடனே அணைக்கக் கூடாது, நியூட்ரலில் ஓடவிட்டு ஆற விட வேண்டும் என்பது மெக்கானிக் சொன்ன பாடம். ஓடவிட்டேன். எண் இறங்கவே இல்லை. மகன் மணியைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேற வண்டிக்குச் சொல்லிடுறேன் தம்பி" என்று ஸ்டாண்டுக்குப் போன் போடப் போனேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். "இருங்கண்ணே. ஏசியும் குளிரலை, வண்டியும் சூடாகுது. ரெண்டும் ஒண்ணா வந்தா எனக்கு வேற சந்தேகம். இன்ஜினை அணைங்க."

அப்போதுதான் ஞாபகம் வந்தது, வளைகுடாவில் அவருக்கு ஏசி ரிப்பேர் வேலை. அணைத்தேன். விமானத்துக்கென்று போட்டிருந்த இஸ்திரி சட்டையோடு, வண்டிக்கு முன்னால் முட்டி போட்டு, கிரில்லுக்குள் போன் லைட்டை அடித்துப் பார்த்தார். பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. வைக்கப் போரே வச்சிருக்கீங்க!"

என்னால் முட்டி போட முடியாது. பம்பரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஏசிக்கு ஒன்று, கியர் பாக்ஸ் ஆயிலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று ஜல்லடை மாதிரி மூன்று அடுக்கு முன்னால் இருக்கும். காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் ஆற்றுவது அது வழியாகத்தான். அந்த ஜல்லடை தெரியவே இல்லை. கொள்ளு இலை, தோல், தும்பு என்று மெத்தை மாதிரி அப்பியிருந்தது. அடியில் ஒரு கொடியே சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா சொன்ன வாசனை அங்கே நின்றது.

நான் யார் யாருக்கு எந்த ஊரில் ஏற்றி இறக்கினேனோ அத்தனை பேர் கொள்ளும் அங்கே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. கிராமத்து ரோட்டில்தான் சூடு ஏறுகிறது என்று இத்தனை நாள் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எலுமிச்சம்பழம் அதுபாட்டுக்குப் பம்பரில் ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க மணலு அடைக்கும்ணே. தினம் அதை எடுக்குறதுதான் எனக்குப் பொழப்பு" என்றார் மகன். "லீவுல வந்தும் விட மாட்டேங்குதே. ம்மா, சீப்பு இருக்கா?"

பெரியம்மா கைப்பையில் இருந்து பெரிய பல் சீப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "தலை சீவுற சீப்புடா அது!"

"வண்டிக்கும் தலை சீவித்தாம்மா விடுறேன்."

அவர் சீப்பால் மேலிருந்து கீழாக, தகடு நசுங்காமல் வாரினார். நான் கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தேன். பெரியம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இங்க, இங்க விட்டுட்ட" என்று மேற்பார்வை பார்த்தார். வேப்பமரத்தடியில் ஒரு கூடை சருகு சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போனவர், "என்னங்க, காருக்குத் தீனி வக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டியைக் கிளப்பினேன். முன்னால் விசிறி சுற்றுகிற சத்தமே வேறாக இருந்தது. ரோட்டில் ஏறினோம். பெரியம்மா முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, போனைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

"நூத்திப் பத்து. நூத்தி எட்டு. தம்பி, எறங்குது! நூத்தி நாலு."

"பெரியம்மா, சொல்லிக்கிட்டே வாங்க. நான் ரோட்டப் பாக்குறேன்."

"தொண்ணூத்தொம்பது. அல்ஹம்துலில்லாஹ்! ஏசியும் ஊதுது பாரு, எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. தொண்ணூத்தி நாலு."

பெரம்பலூரைத் தொடும்போது எண்பத்தொன்பது. திருச்சி வரைக்கும் பெரிய ரோட்டில் அந்த எண் அசையவே இல்லை. மகன் ஒரு ஈரத் துணியால் சட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முட்டியில் இருந்த மண் போகவில்லை. ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்து, "அண்ணே, வாரம் ஒருதரம் காத்து அடிச்சு விடுங்க. கொள்ளு மேல ஏத்தாதீங்க" என்றார்.

"கூப்பிடுறாங்களே தம்பி."

"அப்ப எறங்கிப் போயி நீங்களே மிதிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு, நம் வாசலில் பைப்பைப் பிடித்து அந்த ஜல்லடைகளை முழுசாகக் கழுவினேன். பம்பருக்கு அடித்தட்டில் இருந்து உதிர்ந்து விழுந்த கொள்ளு மணி மட்டும் ஒரு கைப்பிடி தேறியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஊற வச்சு சுண்டல் போடவா?" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "காலைல என்னை வச்சு ஓட்டுங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

ஞாயிறு காலையில் ரஞ்சன்குடி கோட்டை வரைக்கும் போனோம். கோட்டைக்குக் கீழே வண்டியைத் திருப்பும்போது, "மேல ஏறிப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டேன். அவள் போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "பேசாதீங்க, தொண்ணூறைத் தாண்டுதான்னு பாக்கணும்" என்றாள். திரும்பி வரும்போது வேண்டுமென்றே லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். தொண்ணூற்று மூன்று. முன்னால் போகவிட்டதும் எண்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளில் இருந்து அவள் என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை, அந்த எண்ணை அப்படிப் பார்த்தாள்.

மத்தியானம் உங்கள் மாமா ஆளோடு வந்து நின்றான். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வந்தவருக்கு அம்மாதான் மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "வண்டி விக்கலீங்க. வெயில்ல அலைய வச்சுட்டோம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

மாமா, "அக்கா, கேட் வேலை..." என்று இழுத்தான்.

"வேற ஆளப் பாருடா. இவரு ஓட்டுவாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் ஒரு சவாரிக்குத் தனியாகப் போனேன். அதே இடத்தில் கொள்ளு பரப்பியிருந்தது. உச்சி வெயில். சாப்பிடப் போயிருப்பார்கள், ஒருவரையும் காணோம். தூற்றின மணியை ஓரத்தில் சாக்கு மேல் குவித்து வைத்திருந்தார்கள். வண்டியை முன்னாலேயே நிறுத்தி இறங்கினேன். டேஷ்போர்டில் ஒரு செய்தித்தாள் துண்டில் மடித்து வைத்திருந்த அந்தக் கைப்பிடிக் கொள்ளை எடுத்தேன். அதில் கருகினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை ஊதித் தூசி போக்கி, குவியலின் ஓரத்தில் கொட்டினேன். நாலு மணி சாக்குக்கு வெளியே உருண்டது. அதையும் குனிந்து பொறுக்கிப் போட்டேன். பிறகு வண்டியை மண்ணில் இறக்கி, கொள்ளைச் சுற்றிக்கொண்டு போனேன்.